பத்தாவது மெஷின்

காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும். 9:59 வரை எங்கள் இணையதளத்தைத் தாங்கும் மூன்று மெஷின்கள் வேலையே இல்லாமல் இருக்கும். மணி பத்தானதும் வாசலில் காத்திருந்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும். நான் இருந்த குழுவில் வாரம் ஒரு முறை இது நடக்கும், அதனால் யாரும் பயப்படவில்லை. ஆட்டோஸ்கேலிங் போட்டிருந்தோம். கூட்டம் வந்தால் மெஷின்கள் தாமாகவே கூடும், போனால் குறையும்.

அன்றும் கூடின. மூன்று ஆறானது. ஆறு பத்தாகக் கிளம்பியது. ஏழாவது வந்தது, எட்டாவது வந்தது, ஒன்பதாவதும் வந்துவிட்டது. தளம் மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் ஓடியது. பத்தாவது மெஷின் எழுந்து சில விநாடிகளில் மொத்தச் சேவையும் படுத்துவிட்டது. ஒன்பது பேர் தூக்கிக்கொண்டிருந்த சுமையைப் பத்தாவதாக ஒருவர் வந்து தொட்டதும் எல்லோரும் கீழே விழுந்தது போல.

ஏன் விழுந்தது என்று புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. ஆட்டோஸ்கேலிங் பற்றி எனக்கு இன்று தெரிந்ததில் பாதியை அந்த இரண்டு நாளில்தான் கற்றேன்.

அமைப்பு எளிமையானதுதான். ஒரு விஎம் டெம்ப்ளேட், அதாவது மெய்நிகர் மெஷின்களை (விஎம்) வார்க்கும் அச்சு. அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு விஎம்மும் எழுந்ததும் எங்கள் நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலமான கன்டெய்னர் இமேஜை இழுத்து ஓட்டும். ஒரு விஎம்மில் ஒரே ஒரு கன்டெய்னர். இந்த விஎம்கள் எல்லாம் ஒரு குழுவில் இருக்கும், குழுவுக்கு முன்னால், வரும் கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும் ஒரு லோட் பேலன்சர். பின்னால் ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் எங்களிடம் இல்லை. இரண்டே சேவைகளுக்கு அது தேவையும் இல்லை என்று நினைத்தோம், அந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எப்படியும் குபர்நெட்டிஸிலும் பெரும்பாலும் கன்டெய்னர்கள் ஓடுவது விஎம்கள் மேல்தான். கன்டெய்னர்கள் ஓடும் பாட்களைக் கூட்ட ஒருவர், அவற்றைத் தாங்கும் மெஷின்களான நோட்களைக் கூட்ட இன்னொருவர் என்று இரண்டு அடுக்காகிவிடும், அவ்வளவுதான்.

முதலில் ஆறு ஏன் பத்தானது என்று பார்ப்போம். பெரும்பாலான ஆட்டோஸ்கேலர்களின் கணக்கு ஒன்றுதான்: இப்போது இருக்கும் எண்ணிக்கையை இப்போதைய அளவீட்டால் பெருக்கி, இலக்கால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கு. எங்கள் இலக்கு சிபியு 60 சதவீதம். ஆறு மெஷின்கள் 95 சதவீதத்தில் இருந்தன. 6 பெருக்கல் 95 வகுத்தல் 60 என்றால் 9.5, ஆகவே பத்து. குபர்நெட்டிஸின் ஆட்டோஸ்கேலரான ஹெச்பிஏவும் இதே சூத்திரத்தைத்தான் 15 விநாடிக்கு ஒரு முறை போட்டுப் பார்க்கிறது. ஆட்டோஸ்கேலர் செய்த கணக்கில் எந்தத் தவறும் இல்லை. அதற்குத் தெரிந்த ஒரே எண்ணை வைத்து அது சரியாகவே கணக்குப் போட்டது.

இனி டேட்டாபேஸ் பக்கம். போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிக்கும் கனெக்‌ஷன்கள் 100. அதில் 3 இடம் டேட்டாபேஸ் நிர்வாகியான சூப்பர்யூசருக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆக, நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு 97. எங்கள் கன்டெய்னர் ஒவ்வொன்றும் எழுந்ததும் 10 கனெக்‌ஷன்களைத் திறந்து, தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்த ஒரு பூலில் வைத்துக்கொள்ளும். ஒன்பது மெஷினுக்கு 90. பத்தாவது வந்து 7 எடுத்தது. அது எட்டாவது கனெக்‌ஷனைக் கேட்டபோது இடமில்லை என்று பதில் வந்தது. பத்தும் கிடைக்கும்வரை விடாமல் முயலச் சொல்லித்தான் நாங்களே எழுதியிருந்தோம். ஆகவே அந்த ஏழைக் கையில் பிடித்துக்கொண்டு மீதி மூன்றுக்குக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றது.

இதுவரைக்கும் ஒரே ஒரு மெஷினின் பிரச்சினைதான். மற்ற ஒன்பதும் தங்கள் பூலோடு நன்றாகத்தான் இருந்தன. அவை ஏன் விழ வேண்டும்?

ஹெல்த் செக்கால்.

லோட் பேலன்சர் 5 விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு மெஷினையும் தட்டி, நலமா என்று கேட்கும். எங்கள் மென்பொருள் அதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, அந்த இடத்தில் டேட்டாபேஸுக்குப் புதிதாக ஒரு கனெக்‌ஷன் திறந்து, ஒரு சின்ன வினவலை ஓட்டிப் பார்த்து, பிறகுதான் நலம் என்று சொல்லும்படி எழுதியிருந்தோம். பூலில் இருந்து எடுக்காமல் புதிதாகத் திறந்ததற்குக் காரணம்கூட எழுதி வைத்திருந்தோம்: பூல் நிரம்பியிருந்தாலும் டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். 97 இடமும் நிரம்பிய பிறகு அந்தப் புதிய கனெக்‌ஷன் யாருக்குமே கிடைக்கவில்லை. தொடர்ந்து இரண்டு முறை தோற்றால் அந்த மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்பது எங்கள் அமைப்பு. ஆக 10 விநாடியில் பத்து மெஷின்களுமே நோயாளிகள். லோட் பேலன்சர் போக்குவரத்தை நிறுத்திவிட்டது.

இங்கேயும் நிற்கவில்லை. அதே ஹெல்த் செக்கைத்தான் விஎம் குழுவின் தானியங்கிச் சீரமைப்புக்கும் கொடுத்திருந்தோம். அதாவது, நோயாளி என்று தெரிந்தால் அந்த விஎம்மை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்கு. ஒன்பது ஆரோக்கியமான மெஷின்களை அது வரிசையாக அழிக்கத் தொடங்கியது. புதியவை எழுந்து, ஆளுக்குப் பத்துக் கனெக்‌ஷன் கேட்டன. அழிந்தவற்றின் பழைய கனெக்‌ஷன்களை டேட்டாபேஸ் இன்னும் விட்டிருக்கவில்லை. புதியவையும் நோயாளிகளாயின. அவையும் அழிக்கப்பட்டன. திரையில் மெஷின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்ததைப் பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாம் நாள் மாலை பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் ஒரு தாளில் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பத்துப் பத்தா நூறு. ஆனா கதவு தொண்ணூத்தேழுதான்.”

அந்த ஒரு வரியில் எல்லாம் விளங்கிவிட்டது. லோட் பேலன்சருக்கும் ஆட்டோஸ்கேலருக்கும் நம் மென்பொருளைப் பற்றி எதுவும் தெரியாது. நாம் கொடுக்கும் இரண்டு மூன்று எண்களும், ஹெல்த் செக்கில் நாம் சொல்லும் ஆம் இல்லையும்தான் அவற்றுக்குத் தெரிந்த உலகம். கூட்டுவதும் அழிப்பதும் அவற்றின் வேலை. நான் தயார், எனக்கு முடியவில்லை, நான் கிளம்புகிறேன் என்று சரியான நேரத்தில் சொல்லத் தெரிவது கன்டெய்னருக்குள் இருக்கும் நம் நிரலின் வேலை. இந்தப் பேச்சை எழுதுவதில் நாங்கள் ஒரு மணி நேரம்கூடச் செலவழித்திருக்கவில்லை.

ஹெல்த் செக்கை இரண்டாகப் பிரித்தோம். ஒன்று, உயிரோடு இருக்கிறாயா. இதற்கு டேட்டாபேஸ் பக்கமே போகக் கூடாது. நிரல் சிக்கிக்கொள்ளாமல் ஒரு பதில் சொல்ல முடிந்தால் போதும். விஎம்மை அழிக்கும் சீரமைப்பு இதை மட்டும்தான் கேட்கும், அதுவும் 30 விநாடிக்கு ஒரு முறை, பொறுமையாக. இரண்டு, வேலை எடுத்துக்கொள்ளத் தயாரா. இதை லோட் பேலன்சர் கேட்கும். பூல் திறந்துவிட்டதா, அடிக்கடி தேவைப்படும் தரவை வைக்கும் கேஷ் நிரம்பிவிட்டதா, கிளம்பச் சொல்லிவிட்டார்களா என்பதெல்லாம் இதற்குள் வரும். டேட்டாபேஸ் எல்லோருக்கும் பொது. அது படுத்தால் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் இல்லை என்று சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. அதனால் அந்தக் கேள்வியைத் தயார்நிலையிலிருந்தும் எடுத்துவிட்டோம். இதில் வேறு கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு வாதிட நான் தயார். அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சர், எல்லா சர்வரும் நோயாளி என்றால் எல்லாவற்றுக்குமே கோரிக்கைகளை அனுப்பிவிடும். அதை வடிவமைத்தவர்களும் இதே சந்தேகத்தோடுதான் யோசித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது: எல்லோருக்கும் ஒரே நொடியில் உடம்பு சரியில்லை என்றால், கேள்வியில்தான் ஏதோ கோளாறு.

அதிகபட்ச மெஷின் எண்ணிக்கையை அதுவரை நாங்கள் 12 என்று வைத்திருந்தோம். எப்படி வந்தது அந்த 12? யாருக்கும் தெரியவில்லை. ஒரு நல்ல எண்ணாகத் தெரிந்திருக்கும். இப்போது பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். 97 இடத்தில் பராமரிப்பு வேலைகளுக்கும் இரவு நேர அறிக்கைகளுக்கும் 12 இடம் ஒதுக்கினால் மீதி 85. புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்து ஓடும், அதற்கு இரண்டு மெஷின் கூடுதலாக வரும். அதையும் கழித்தால் பூல் பத்தாக இருக்கும்வரை ஆறு மெஷினுக்கு மேல் போகவே கூடாது! பூல் அளவைச் சோதித்துப் பார்த்ததில் ஒரு மெஷினுக்கு நான்கு கனெக்‌ஷனே தாராளமாகப் போதுமாக இருந்தது. பிறகு, டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைப் பலரிடையே பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரையும் நடுவில் வைத்தோம். ஆனால் அதிகபட்ச எண்ணிக்கை என்பது பின்னால் இருப்பவர் தாங்கும் அளவிலிருந்து வர வேண்டும் என்பது அன்று தாளில் போட்ட கணக்கில்தான் எனக்கு உறைத்தது.

அடுத்தது நேரம்.

ஆட்டோஸ்கேலர் ஒரு மெஷின் வேண்டும் என்று முடிவெடுத்த கணத்திலிருந்து, அந்த மெஷின் முதல் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் கணம் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தோம். விஎம் எழ 40 விநாடி. இமேஜை இழுத்து விரிக்க 90 விநாடி. எங்கள் நிரல் துவங்கிச் சூடாக 35 விநாடி. தயார் என்று இரண்டு முறை சொல்லி லோட் பேலன்சர் நம்ப 10 விநாடி. கிட்டத்தட்ட 3 நிமிடம். பத்து மணிக்கு வரும் கூட்டத்தின் உச்சமே ஐந்து நிமிடம்தான். கன்டெய்னர் என்றால் விநாடியில் எழும் என்ற பேச்சு, இமேஜ் ஏற்கெனவே அந்த மெஷினில் இருந்தால் மட்டும்தான் உண்மை. புதிதாகப் பிறந்த விஎம்மில் எதுவும் இருக்காது.

எங்கள் இமேஜ் 1.2 ஜிபி. உள்ளே திறந்து பார்த்தால் கம்பைலர், சோதனைக் கோப்புகள், யாரோ எப்போதோ தேவைப்பட்டுச் சேர்த்த கருவிகள். கட்டுவதற்கு ஒரு படி, ஓட்டுவதற்கு இன்னொரு படி என்று, இமேஜைக் கட்டும் குறிப்புகள் உள்ள டாக்கர்ஃபைலைப் பிரித்ததும் 300 எம்பிக்குக் கீழே வந்தது. இமேஜின் அடிப்படை அடுக்குகளை (லேயர்களை) விஎம்மின் வட்டு இமேஜிலேயே முன்கூட்டிப் பதித்து வைத்தோம். அப்புறம் இழுக்க வேண்டியது எங்கள் நிரல் இருக்கும் கடைசி லேயர் மட்டும். 90 விநாடி 8 விநாடியானது. இந்த ஒரு மாற்றம் எங்கள் வாழ்க்கையில் செய்த உதவியை வேறு எந்த ஆட்டோஸ்கேலர் அமைப்பும் செய்யவில்லை.

கூட்டம் பத்து மணிக்கு வரும் என்று நமக்குத் தெரியும். ஆட்டோஸ்கேலருக்குத் தெரியாது. அதனால் 9:45க்கே குறைந்தபட்ச எண்ணிக்கையை உயர்த்தும் அட்டவணை ஒன்றைப் போட்டோம். தெரிந்த கூட்டத்துக்கு அட்டவணை, தெரியாத கூட்டத்துக்கு ஆட்டோஸ்கேலர்.

60 சதவீத இலக்கு ஏன், 90 வைத்தால் பணம் மிச்சமாகுமே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில், ஒரு சர்வர் 50 சதவீதம் வேலையாக இருந்தால் காத்திருப்பும் சேர்த்துப் பதில் நேரம், சும்மா இருக்கும்போது ஆவதைப் போல இரண்டு மடங்கு. 80 சதவீதத்தில் ஐந்து மடங்கு. 90இல் பத்து மடங்கு. அந்தக் கோடு நேராக ஏறாது, கடைசியில் செங்குத்தாக நிமிரும். புதிய மெஷின் வந்து சேரும்வரை பழையவை இந்தக் கோட்டில்தான் ஏற வேண்டும். இலக்குக்கும் 100க்கும் நடுவில் விடும் இடம், அந்த மூன்று நிமிடத்துக்கு நாம் வாங்கி வைக்கும் மூச்சு.

சிபியுவை அளவீடாக வைப்பதில் இன்னொரு சிக்கல். அது நூறில் நின்றுவிடும். இரண்டு மடங்கு கூட்டம் வந்தாலும் 100, பத்து மடங்கு வந்தாலும் 100. எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. அதனால் சூத்திரம் ஒவ்வொரு படியாகத்தான் ஏறும். ஒரு மெஷினுக்கு விநாடிக்கு எத்தனை கோரிக்கை என்ற எண்ணுக்கோ வரிசையின் நீளத்துக்கோ இந்தக் கூரை இல்லை. நாங்கள் கோரிக்கை எண்ணிக்கைக்கு மாறினோம்.

ஒரு விஎம்மில் பல கன்டெய்னர் வைப்பவர்களுக்கு இதைவிட நுணுக்கமான பள்ளம் ஒன்று இருக்கிறது. நான்கு சிபியு உள்ள விஎம்மில், ஒரு சிபியு என்று வரம்பு போட்டு ஒரு கன்டெய்னர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கன்டெய்னர் தன் வரம்பை முட்டி, இயங்குதளத்தின் கெர்னல் அதை நொடிக்கு நொடி நிறுத்தி நிறுத்தி ஓட விடுகிறது. பயனர்கள் காத்திருக்கிறார்கள். வெளியே இருந்து விஎம்மைப் பார்த்தால் சிபியு 25 சதவீதம். ஆட்டோஸ்கேலர் எல்லாம் நலம் என்று இருந்துவிடும். இரண்டாவது சேவையில் இதை நாங்கள் ஒரு வாரம் தேடினோம். அளவீடு எந்த அடுக்கில் எடுக்கப்படுகிறது, வரம்பு எந்த அடுக்கில் போடப்பட்டிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது.

லோட் பேலன்சர் எந்த முறையில் பங்கிடுகிறது என்பதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். என் அனுபவத்தில் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. வரிசையாக ஆளுக்கு ஒன்று என்று அனுப்பும் சுற்றுமுறை பெரும்பாலும் போதும். கோரிக்கைகளின் நீளம் மிகவும் வேறுபட்டால் குறைந்த கனெக்‌ஷன் உள்ளவருக்கு அனுப்புவது நல்லது. ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோளாறான சர்வர் உடனுக்குடன் பிழையைத் திருப்பிவிடும், அதனால் எப்போதும் காலியாகத் தெரியும், அதனால் எல்லாக் கோரிக்கையும் அதற்கே போகும். இரண்டு சர்வரை யதேச்சையாக எடுத்து, அவற்றில் சுமை குறைந்ததற்கு அனுப்பும் முறையும் உண்டு. 1990களில் கணிதவியலாளர்கள் நிரூபித்த விஷயம். ஒன்றை யதேச்சையாக எடுப்பதற்கும் இரண்டில் நல்லதை எடுப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம் வியக்கவைக்கும் அளவுக்குப் பெரியது.

மெஷின்கள் வருவதைச் சரி செய்த பிறகு எங்களைப் படுத்தியது அவை போவது. 10:30க்கு மேல் கூட்டம் கலையும், எண்ணிக்கை குறையத் தொடங்கும். அப்போதெல்லாம் சில பயனர்களுக்கு, பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று சொல்லும் 502 பிழை வரும். மிகக் கொஞ்சம், ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் அந்த ஒன்றில் யாரோ ஒருவர் பணம் செலுத்திக்கொண்டிருந்திருக்கலாம்.

ஒரு கோரிக்கையை எடுத்து, நிரல் எழுதி வைக்கும் பதிவான லாக்கில் பின்தொடர்ந்தோம். மெஷினுக்குக் கிளம்பச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. கன்டெய்னரை ஓட்டும் டாக்கர், அதற்குள் இருக்கும் முதல் பிராசஸுக்கு முடித்துக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம் சிக்னலை அனுப்பும், இயல்பாக 10 விநாடி காத்திருக்கும், பிறகு சிக்கில் அனுப்பிக் கொன்றுவிடும். எங்கள் நிரலில் சிக்டெர்மைக் கையாளும் பகுதி அழகாக எழுதப்பட்டிருந்தது. அது ஒரு முறைகூட ஓடியதே இல்லை. டாக்கர்ஃபைலில் துவக்கக் கட்டளையைச் சாதாரண வரியாக எழுதியிருந்தோம். அப்படி எழுதினால் முதல் பிராசஸ் நம் நிரலாக இருக்காது, கட்டளைகளை வாசித்து ஓட்டும் ஒரு ஷெல்லாக இருக்கும். அந்த ஷெல் சிக்டெர்மைத் தன் குழந்தைக்குக் கடத்தவில்லை. எங்கள் நிரலுக்கு எதுவும் தெரியாமலே 10 விநாடி கழித்து உயிர் போனது, கையில் இருந்த கோரிக்கையோடு. கட்டளையைச் சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியலாக மாற்றி எழுதினோம். ஒரு வரி மாற்றம்.

அதற்குப் பிறகும் எப்போதாவது 502 வந்தது, மெஷின் எதுவும் போகாத நேரத்திலும். அதன் காரணம் வேறு. லோட் பேலன்சர் நம் சர்வரோடு திறந்த கனெக்‌ஷனை மூடாமல் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். கூகுள் கிளவுடின் ஹெச்டிடிபி லோட் பேலன்சர் அதை 600 விநாடி வரை வைத்திருக்கும். சர்வர் பக்கத்தில், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் இயல்பு 75 விநாடி. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் (Node.js) நெடுங்காலம் 5 விநாடியை இயல்பாக வைத்திருந்தது. நம் பக்கம் முதலில் மூடினால், மூடும் அதே கணத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கோரிக்கை கிளம்பியிருக்கலாம். அது மூடிய கதவில் மோதும். தீர்வு, முதலில் மூடுவது எப்போதும் லோட் பேலன்சராக இருக்கும்படி நம் நேரத்தை அதைவிட நீளமாக வைப்பது. 600க்கு எதிராக 620.

போகும் வரிசையை நாங்கள் இப்போது இப்படி வைத்திருக்கிறோம். சிக்டெர்ம் வந்ததும் நிரல் உடனே நிற்காது. தயாரா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லத் தொடங்கும், ஆனால் வரும் கோரிக்கைகளுக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். லோட் பேலன்சர் அதைக் கவனித்துப் புதியவற்றை நிறுத்த 10 முதல் 15 விநாடி ஆகும். அதற்குப் பிறகு கையில் இருப்பதை முடிக்கும். கடைசியாக டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களை ஒவ்வொன்றாக மூடும். இதற்கெல்லாம் டாக்கரின் 10 விநாடி போதாது, அதை 60 ஆக்கினோம். கிளவுட் நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய மலிவு விலை ஸ்பாட் விஎம்கள் வைத்திருப்பவர்கள் தங்களுக்குக் கிடைக்கும் அவகாசத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமேசானில் 2 நிமிடம் முன்பு சொல்வார்கள், கூகுளில் 30 விநாடிதான்.

இதெல்லாம் இன்னும் வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கிறோம். கூட்டம் மிதமாக இருக்கும் ஒரு மதியம், ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களில் ஒன்றை நாங்களே நிறுத்துவோம். ஒருவர் பிழைக் கிராஃபைப் பார்ப்பார், நான் அந்த மெஷினின் லாக்கைப் பார்ப்பேன். சென்ற முறை வந்த வரிகள் இவை: சிக்டெர்ம் வந்தது. தயார்நிலை: இல்லை. கையில் உள்ள கோரிக்கைகள்: 6. பிறகு 4. பிறகு சற்று நேரம் 1இலேயே நின்றது, யாரோ பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார். 22ஆவது விநாடியில் 0. கனெக்‌ஷன்கள் மூடப்பட்டன: 4. டேட்டாபேஸ் பக்கத் திரையில் எண்ணிக்கை நான்கு குறைந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, புதிதாக எழுந்த மெஷின் வந்து அந்த நான்கையும் எடுத்துக்கொண்டது.